கொண்டை வைக்காத சேவல்

மாமியார் வீட்டுச் சலவை மெஷின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றுபோனது. மூத்த மருமகன் அப்போது கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. விடுமுறை நாளிலும் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுகிறாரா என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயம். தெருவில் அவருக்குப் பெயரே கார்டுக்காரர்.

"மாப்பிள்ளை, உங்க கம்பெனி மெஷின்தான். ஒரு எட்டு பாருங்களேன்" என்றார் மாமியார்.

கார்டுக்காரர் எழுந்து போய்ப் பார்த்தார். கண்ணால்தான் பார்த்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த சீலைத் தடவி, எண்ணைப் படித்து, தலையை ஆட்டினார்.

"சீல் இருக்குதுங்க அத்தை. இன்னைக்கு நான் பிரிச்சா வாரண்டி போயிடும். நாளைக்குக் கம்ப்ளெயிண்ட் பதிஞ்சா பதினோரு நாள்ல ஆள் வரும்."

"யாரு வருவாங்க?"

"நான்தான் வருவேன்."

மாமியார் அவரைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். இரண்டில் எது அதிகம் பழுது என்று யோசிப்பது போல இருந்தது அந்தப் பார்வை. அந்த நேரம் பார்த்துத்தான் இளைய மருமகன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பூட்டிப்போன போன், அடம்பிடிக்கிற டிவி, கம்பெனிக்காரன் கைகழுவிய சாமான் எல்லாவற்றையும் திறந்துவிடுவது அவன் தொழில். ஊருக்கெல்லாம் அவன் சாவி. வந்தவன் கீழே படுத்தான். ஒரு மூடியைத் திருகினான். உள்ளே சிக்கியிருந்த பாட்டில் மூடியொன்றை விரலால் நோண்டி எடுத்து மாமியார் கையில் கொடுத்தான். திரையில் மட்டும் எழுத்து போகவில்லை: 'அங்கீகரிக்கப்பட்ட பணியாளரை அழைக்கவும்'. அங்கீகரிக்கப்பட்ட பணியாளர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். சாவி தன் போனை ஒரு வயரில் மாட்டி என்னமோ தட்டினான். மெஷின் கரகரவென்று தண்ணீரைத் துப்பிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு முட்டை என்பது அந்த வீட்டு ஏற்பாடு. மாமியார் தன் பங்கு முட்டையைப் பாதியாகக்கூட நறுக்காமல், முழுசாக எடுத்து இளைய மருமகன் தட்டில் வைத்தார்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சாப்பிட்டவன் சாவி. செரிக்காமல் கிடப்பது கார்டுக்காரருக்கு.

அவர் வேலை தெரியாத ஆள் இல்லை. பதினான்கு வருஷ சர்வீஸ். மெஷின் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தச் சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மெஷின் எண்ணைச் சொன்னால் எந்த வருஷம், எந்த மாதம் வெளிவந்தது என்று ஒப்பிப்பார். ஆனால் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் எண்பத்தாறு பக்கத்துக்கு 'செய்யக் கூடாது' என்றிருந்தது. 'செய்யலாம்' என்பது நாலு பக்கத்தில் முடிந்தது. அந்த நாலு பக்கத்துக்குள்ளேயே அவர் குடித்தனம் நடத்தினார். சாவிக்குப் புத்தகமே கிடையாது. வயிற்றெரிச்சலின் வேர் அங்கேதான் இருந்தது என்று அவரே ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "திருட்டு வேல பார்க்கிறவன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அவர் மனைவி தையல்காரி. இரண்டு வருஷம் கவுனும் பாவாடையும் தைத்துச் சேர்த்ததில் அவர் கம்பெனி பூத்தையல் மெஷின் ஒன்று வாங்கினாள். தன் கையால் பணம் எடுத்துக் கொடுத்து, தன் பெயரில் ரசீது வாங்கிய மெஷின். படத்தைக் காட்டினால் அதுவே ஊசியை நகர்த்தித் துணியில் தைத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. கம்பெனி நூல்கண்டின் அடியில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு இருக்கும். அந்தச் சில்லைக் கண்டால்தான் ஊசி இறங்கும். கம்பெனி விற்கிற படங்களை மட்டும்தான் தைக்கும்.

"என்னங்க, இதுல நான் வரைஞ்ச படத்தைப் போட முடியாதா?" என்று முதல் மாதம் கேட்டாள்.

"கம்பெனி லிஸ்ட்ல நாலாயிரம் படம் இருக்கு."

"நாலாயிரமும் ரோஜாப்பூ. எனக்கு வேண்டியது இல்ல."

"விதி அப்படி."

இரண்டாவது தடவை நூலுக்காகக் கேட்டாள். கடைத்தெருவில் அதே சிவப்பு, அதே பளபளப்பு, கம்பெனி கண்டு ஒன்றின் விலைக்கு ஐந்து கண்டு கிடைக்கிறது என்றாள். "விதி" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது குரல் மாறியிருந்தது.

"நான் வாங்கின மெஷின். என் வீட்டுல, என் மேஜைமேல இருக்கு. அதுக்கு என்ன நூல் போடணும்னு சொல்ல அவன் யாருங்க? நாளைக்கு நீ என்ன சோறு திங்கணும்னு அடுப்பு விக்கிறவன் சொல்வானா?"

"கழுத்துல இதப் போட்டுக்கிட்டு நானே எப்படிப் பிரிக்கிறது? தெரிஞ்சா கார்டு போயிடும். கார்டு போனா நான் யாரு?"

அவள் மெஷினைத் துணியால் மூடினாள். அதன்பிறகு கேட்கவே இல்லை. மனைவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று கார்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கோழி வறுத்து விற்கிற கடை ஒன்று, வேலையாட்களுக்கு நூற்று நாற்பது ஏப்ரன். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு சேவல். நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கண்ணைப் பாதி மூடி, ஊருக்கே அதிகாரி போல நிற்கிற சேவல். உடம்பு பழுப்பில், வால் கறுப்பில், கடைசியாகக் கொண்டை சிவப்பில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரக்கு போய்ச் சேர வேண்டும். சொன்ன நாளில் சேர்ந்தால் மற்ற கிளைகளுக்கும் அவளே தைக்கலாம். சேராவிட்டால் அடுத்த தெரு தையல்காரி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள்.

"கம்பெனி லிஸ்ட்ல இவ்வளவு நல்ல சேவல் இருக்குதா?" என்று கார்டுக்காரர் அதிசயப்பட்டார்.

"இருக்குங்க" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி.

"பார்த்தியா? கம்பெனிக்காரன் கலைஞன்."

*

சேவல் வேலை தொடங்கிய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கார்டுக்காரர் சாவியின் கடைக்குப் போனார். வழியில் மழை பிடித்துக்கொண்டது என்பது வெளியே சொன்ன காரணம். உள்காரணம் வேறு. பகுதி மேலாளர் காலையில் போனில் குடைந்திருந்தார். உன் ஏரியாவில் மட்டும் நூல்கண்டு விற்பனை ஏன் படுத்துவிட்டது, மெஷினையெல்லாம் யார் திறந்துவிடுகிறார்கள், பதினான்கு வருஷமாக என்ன கிழித்துக்கொண்டிருக்கிறாய்?

கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல். சூடாக்கிய ஈயத்தின் வாசனை. வாசலில் மூன்று பெண்கள் நனைந்துகொண்டே காத்திருந்தார்கள். தன் சர்வீஸ் சென்டரில் ஏசி உண்டு, நாற்காலி உண்டு, டோக்கன் உண்டு. ஆள்தான் இல்லை என்பது கார்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது.

"வாங்கண்ணே! அதிசயமா இருக்கு. உக்காருங்க. மழைக்கு நன்றி சொல்லணும்" என்றான் சாவி. ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டான். அந்த மரியாதையும் கார்டுக்காரருக்கு எரிந்தது.

"சும்மாதான் சகலை. வியாபாரம் எப்படி?"

"உங்க கம்பெனி புண்ணியத்துல நல்லா ஓடுது. நீங்க பூட்டப் பூட்ட, நான் திறக்கத் திறக்க."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மெஷினைப் போன மாதமே திறந்துகொண்டு, இப்போது போனோடு வந்திருந்த தொப்பி தைக்கிற அம்மாள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

"சிரிக்காதம்மா. மெஷின் கெட்டுப்போனா அப்புறம் எங்ககிட்டதான் வரணும்" என்றார் கார்டுக்காரர்.

"வந்தா பதினோரு நாள் சொல்வீங்க, கார்டு சார். அதுக்குள்ள நான் கையாலயே தச்சு முடிச்சிடுவேன்."

"அண்ணே, ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்றான் சாவி. "இந்த அம்மா முழு விலை குடுத்து வாங்கியிருக்கு. பேரம் பேசக்கூட விடல உங்க ஆளுங்க. வாங்கின அப்புறம் மெஷின் யாரோடது?"

"மெஷின் அவங்களோடது. உள்ள இருக்கிற அறிவு கம்பெனியோடது."

"அப்ப அறிவில்லாத மெஷினுக்கா அவ்வளவு விலை வாங்கினீங்க?"

மறுபடியும் சிரிப்பு. கார்டுக்காரருக்குக் காது சூடானது. கடையில் பத்துப் பேர் நடுவில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"என் வீட்டுக்காரி மெஷினைப் போய்ப் பாரு" என்றார். "கம்பெனி நூல். கம்பெனி படம். தச்ச சேவலைப் பார்த்தாலே தெரியும், அந்த மினுமினுப்பே தனி. உன் கள்ள நூல்ல வருமா அது?"

சாவி உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டான். "வராதுண்ணே" என்றான். "இருங்க, டீ வாங்கிட்டு வர்றேன். உங்களுக்குச் சர்க்கரை கம்மி, தெரியும்."

அவன் மழையில் இறங்கிப் போனான். பெண்கள் மழைக்கு ஒதுங்கிப் படியின் அந்தப் பக்கம் நின்றார்கள். அப்போதுதான் கார்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

பச்சைப் பேனாவால் சுவர் முழுக்க எண்கள். திறந்துவிட்ட பூத்தையல் மெஷின் ஒவ்வொன்றின் எண்ணையும், தேதியையும் சாவி சுவரிலேயே எழுதி வைத்திருந்தான். திரும்பி வந்தால் எந்த மாதிரி திறந்தோம் என்று தெரிய வேண்டுமே. நோட்டு என்றால் தொலையும், சுவர் எங்கே தொலையும் என்பது அவன் கட்சி. முப்பத்தொரு எண்கள். முப்பத்தொரு வீடுகள் தன்னை விட்டுவிட்டு இந்தப் பொந்துக்கு வந்திருக்கின்றன. முப்பத்தொரு முட்டை.

கார்டுக்காரர் போனை எடுத்தார். ஒரே ஒரு படம். வெளிச்சம் போதாமல் கொஞ்சம் மங்கலாக வந்தது. ஆனால் எண்கள் தெரிந்தன.

சாவி கொண்டுவந்த டீ நன்றாக இருந்தது. சர்க்கரை சரியான அளவில் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் தூறலில் நின்றபடி படத்தை மேலாளருக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: ஒரு கட்டைவிரல், ஒரு பூங்கொத்து. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்கு அவர் ராத்திரிச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார்.

*

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கார்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் மெஷின் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. சத்தத்தை வைத்துப் பழுது சொல்கிறவருக்கு அந்த நிற்பு பிடிக்கவில்லை. நூல் அறுந்த நிற்பு இல்லை அது. மின்சாரம் போன நிற்பும் இல்லை.

ஒரு நிமிஷம் கழித்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி.

"உள்ள இருந்துக்கிட்டே எதுக்குப் போன் பண்றே?"

"மெஷின் பண்ணச் சொல்லுதுங்க" என்று ஒரே குரல் போனிலும் கதவு வழியாகவும் கேட்டது.

உள்ளே போனார். திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் எழுதியிருந்தது: 'இந்தச் சாதனம் அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளது. பூட்டப்பட்டது. அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட பணியாளரை அழைக்கவும்.' அதன்கீழே அவருடைய போன் எண்.

ஊசிக்குக் கீழே ஒரு ஏப்ரன் மாட்டியிருந்தது. சேவலுக்கு உடம்பு வந்துவிட்டது, வால் வந்துவிட்டது. கொண்டை வரவில்லை. கொண்டை இல்லாமல் அது ஏதோ வாத்து மாதிரி, வழி தெரியாமல் நின்றது.

"அனுமதியின்றி மாற்றப்பட்டதா? இதையா? யாரு மாத்தினது?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிட்டது.

"தம்பிகிட்டதான் குடுத்தேன்" என்றாள் அவள். அவளுக்குத் தங்கை புருஷன் தம்பி. "உங்ககிட்ட மூணு தடவ கேட்டேன். அப்புறம் அவர்கிட்ட ஒரு தடவ கேட்டேன். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுக் குடுத்தாரு."

"அப்ப இந்த நூலு?"

"கடைத்தெரு நூல். கம்பெனி கண்டோட அடிக்கட்டைய கழட்டி இதுல ஒட்டி வச்சேன், நீங்க பார்த்தா நிம்மதியா இருக்கட்டும்னு."

"சேவல்?"

"நான் வரைஞ்சது."

கார்டுக்காரர் சேவலைப் பார்த்தார். நிமிர்த்திய நெஞ்சு, பாதி மூடிய கண், அதிகாரத் தோரணை. இப்போதுதான் அந்த முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தினமும் சவரம் செய்யும்போது பார்த்த மாதிரி இருந்தது.

மற்ற எரிச்சலெல்லாம் ஒருபக்கம் நிற்க, இது வேறு இடத்தில் சுட்டது. தன் வீட்டில், தன் மூக்குக்குக் கீழே, தான் சோறு தின்கிற அறைக்குப் பக்கத்து அறையில் அவன் கை பட்டிருக்கிறது. தானே போய் அவனிடமே மினுமினுப்பைப் பற்றிப் பேசிவிட்டு வந்தது வேறு. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டது எதற்கு என்று இப்போது விளங்கியது.

மெஷினைச் சாய்த்தார். அடியில் எண். ஊரில் இருக்கிற மெஷின் எண்ணெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர், தன் வீட்டு மெஷினை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். பச்சைப் பேனா எழுத்து. மேலிருந்து ஒன்பதாவது வரி. விரல் அந்த வரியிலேயே நின்றது.

நின்றதை அவள் பார்த்துவிட்டாள். போனை வாங்கிப் பார்த்தாள். பச்சை எழுத்தை, மேஜை விளக்கை, ஓரத்தில் தெரிந்த ஸ்டூலை எல்லாம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முடித்த ஏப்ரன்களை எண்ணினாள்.

"எண்பத்திரண்டு முடிஞ்சது. இது எண்பத்து மூணு. நாளைக்குச் சாயங்காலம் குடுக்கணும்" என்றாள். "தூக்குங்க மெஷின."

"எங்க?"

"எங்க தூக்கிட்டுப் போகணுமோ அங்கதான்."

அங்கீகரிக்கப்பட்ட பணியாளர் அங்கேயேதான் நின்றார். அவரை அவள் நாலாவது தடவை கேட்கவில்லை.

*

சாவியின் கடை வாசலில் கல்யாண வீடு போல ஒரே கூட்டம். ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு மெஷினை மடியில் கிடத்திய பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி முன்னால் நடக்க, மெஷினைச் சுமந்துகொண்டு கார்டுக்காரர் பின்னால் வந்தார்.

"அட, கார்டு சாரே வரிசைக்கு வந்துட்டாரு! டோக்கன் எடுத்தீங்களா சார்?" என்றாள் தொப்பிக்கார அம்மாள்.

சாவி வேர்த்துப்போயிருந்தான். விடியற்காலையிலிருந்து மூன்று மெஷின்களோடு மல்லுக்கட்டியும் ஒன்றும் அசையவில்லை. "பூட்டின மெஷின்ல பழைய வழியவே பூசி மூடிட்டானுங்கக்கா" என்றான் கார்டுக்காரர் மனைவியிடம். "புதுசா ஓட்டை தேடணும். பத்து நாளோ, ஒரு மாசமோ, தெரியல."

பிறகு கார்டுக்காரரிடமிருந்து மெஷினை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் வந்து, குரலை இறக்கினான்.

"அண்ணே, போன வெள்ளிக்கிழமை வரைக்கும் செவுத்துல இருந்த நம்பர் எல்லாம் பூட்டிக்கிச்சு. சனிக்கிழமை ரெண்டு எழுதினேன். அது ரெண்டும் ஜோரா ஓடுது. கம்பெனிக்காரனுக்கு வெள்ளிக்கிழமையோட கண்ணு அவிஞ்சிருக்கு."

கார்டுக்காரர் ஸ்டூலைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த ஸ்டூல்ல உக்காந்தது ஒரே ஆளு. சர்க்கரை கம்மியா டீ குடிச்ச ஆளு. நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. அக்கா முகத்துக்காக."

அடித்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். மன்னிப்பிலும் அவன்தான் முந்திக்கொண்டான். இவருக்கு எதையுமே மிச்சம் வைக்காமல் எல்லாவற்றிலும் முந்துகிற ஒருவனோடு எப்படித்தான் பிழைப்பது?

ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. சாவியால் திறக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அதை ஒரு டீ நேரத்துக்கு ரசித்தார் கார்டுக்காரர். எத்தனை வயரை மாட்டினான், எத்தனை தடவை தலையைச் சொறிந்தான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷ முட்டை கொஞ்சம் இறங்கியது போலக்கூட இருந்தது.

அதற்குள் அவர் மனைவி படியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்துவிட்டாள். கொண்டை இல்லாத சேவலை மடியில் விரித்துக் கையாலேயே கொண்டை போடத் தொடங்கினாள். குத்தி இழுத்து, குத்தி இழுத்து. ஒரு கொண்டைக்கு இருபது நிமிஷம் ஆகும். இதை முடித்தாலும் இன்னும் ஐம்பத்தேழு ஏப்ரன். அதற்கெல்லாம் உடம்பே வரவில்லை. நாளைச் சாயங்காலத்துக்குள் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் குத்திக்கொண்டிருந்தாள். வெயில் அவள் கழுத்தில் விழுந்தது.

சாவி அதைப் பார்த்தான். கையிலிருந்ததை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"இங்க குடுங்கக்கா. எனக்கும் ஒரு ஊசி குடுங்க. படம் போட்டு ஓரத்தை மட்டும் காட்டுங்க, நான் தைக்கிறேன்" என்று அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். நூல் நுனியை எச்சில் தொட்டு, கண்ணைச் சுருக்கி, ஊசியில் கோத்தான்.

படம் பிடித்தது வெளிப்பட்டதைப் பொறுத்தவர், மன்னிப்பைப் பொறுத்தவர், அதைப் பொறுக்கவில்லை. தன் பெண்டாட்டியின் சேவலுக்கு அவன் கொண்டை வைப்பதா? அதுவும் தன் முகச் சாயலில் இருக்கிற சேவலுக்கு?

"எந்திரி" என்றார் கார்டுக்காரர். "ஊசியக் கீழ வை."

"இருக்கட்டும்ண்ணே, ஒரு கை..."

"கீழ வைன்னு சொன்னேன். அவ மெஷின நான் திறக்கிறேன்."

அவர் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, மனைவியின் மெஷினைத் தன் பக்கம் இழுத்தார். கழுத்துப் பட்டையில் அட்டையோடு சேர்ந்து தொங்கிய சர்வீஸ் சாவியைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு சாமான். கம்பெனி ஆளுக்கு மட்டும் கொடுப்பது.

மனைவி எழுந்து வந்தாள். "அதச் செருகினா எந்த மெஷின், யாரு கார்டுன்னு அங்க தெரிஞ்சிடும்னு சொல்வீங்களே."

"தெரியும்."

"அப்புறம் கார்டு?"

கார்டுக்காரர் கழுத்தைத் தடவினார். பதினான்கு வருஷமாகக் கழுத்தில் உரசி உரசி அந்தப் பட்டை ஒரு தடமே போட்டிருந்தது. "நூலை மாட்டு" என்றார். செருகினார்.

மேலே உள்ள இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, மின்சாரத்தைப் போட்டார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினார். திரையில் சிவப்புக் கட்டம் மறைந்தது. பூப்போட்ட வரவேற்பு ஒன்று வந்தது: 'வாருங்கள்! உங்கள் விருப்பம் போல் தைத்துப் பாருங்கள்!'

"இது என்னண்ணே?" சாவி மேஜைமேல் கவிழ்ந்துவிட்டான்.

"கடைக் கோலம். ஷோரூம்ல வாடிக்கையாளருக்குக் காட்டுவாங்கள்ல, அந்த மாதிரி. எந்த நூலும் போடலாம், எந்தப் படமும் போடலாம். கம்பெனி வெளிய இருந்து கூப்பிட்டாலும் காது கேட்காது. விக்கிற வரைக்கும் எதையும் தைக்கும். வித்ததுக்கு அப்புறம்தான் வாயைக் கட்டுவாங்க."

"இது உங்களுக்கு எத்தன நாளா தெரியும்?"

"வேலையில சேர்ந்த ரெண்டாவது நாள்ல இருந்து."

"பதினாலு வருஷமாவா?" என்றாள் மனைவி. அவள் குரலில் மெச்சுதலும் இருந்தது, கொன்றுவிடலாம் என்பதும் இருந்தது.

ஏப்ரனை ஊசிக்கடியில் மாட்டினாள். கடைத்தெருச் சிவப்பு நூல். மெஷின் ஒரு தடவை தயங்கி, டகடகவென்று பிடித்துக்கொண்டது. சேவலின் தலையில் சிவப்பு ஒவ்வொரு பல்லாக எழும்பியது. படியிலிருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. அந்தப் போட்டோவுக்குத் தனியா இருக்கு" என்று காதோரம் சொன்னாள் மனைவி. சொல்லிவிட்டு, வெயிலில் மெஷினைச் சுமந்து வந்த அவர் கழுத்து வேர்வையைத் தன் முந்தானையால் ஒரு தடவை ஒற்றினாள்.

"அடுத்து யாரு?" என்றார் கார்டுக்காரர்.

வரிசை நகர்ந்தது. காலர் தைக்கிறவள், பை தைக்கிறவள், அக்கா தங்கை இருவர். மூன்றாவது மெஷினில் இருக்கும்போது போன் அடித்தது. பகுதி மேலாளர். நாலாவதில் மறுபடியும். ஐந்தாவதில் அடிக்கவில்லை, ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அவர் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரியும், அந்த வாசகமும் புத்தகத்தில் இருக்கிறது. சர்வீஸ் சாவியின் பச்சை விளக்கு சட்டென்று அணைந்துபோனது.

தொப்பிக்கார அம்மாள் தன் மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், என்னோடது?" முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை.

கார்டுக்காரர் அணைந்த சர்வீஸ் சாவியைப் பிடுங்கி, பட்டையோடு, அட்டையோடு சேர்த்து மேஜை ஓரத்தில் வைத்தார். கழுத்து என்னவோ போல இருந்தது. ரொம்ப நாள் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றிய விரல் மாதிரி.

"இதுக்கு உள்ள ஒரு வயர் இருக்கு" என்றார். "கடைக்கு அனுப்புறப்ப அதத்தான் மாட்டி அனுப்புவாங்க. பலகையில மூணாவது ஓட்டைல மாட்டினா இதே கடைக் கோலம்தான். சாவி வேண்டாம், கம்பெனியும் வேண்டாம்." பின்பக்கத்துச் சீலில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். பதினான்கு வருஷமாக ஒட்டியும் தடவியும் பார்த்த சீல். கிழித்தபோது வந்த சத்தம் ரொம்பச் சின்னது.

"ஸ்குரூ டிரைவர்" என்று கையை நீட்டினார்.

சாவி எடுத்துக் கொடுத்தான். விளக்கை இழுத்து அவர் கைக்குமேல் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தார் கார்டுக்காரர். சாவியின் கண் மெஷினில் இல்லை. மூடியைக் கழற்றும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வை கார்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தட்டில் வைத்த முட்டையை அவர் பார்த்த பார்வை.

"விளக்க நேராப் பிடி சகலை" என்றார். "கை ஆடுது பாரு."